பொய்யென்று தெரிந்தும் ஏன் உருகுகிறோம்?

கதை பொய், பொய்யைப் படிப்பதில் பகுத்தறிவாளனுக்கு என்ன இன்பம்? தோழர் சிலர் எழுப்பும் இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

திருச்சுழிச் சீமையைக் காணுங்கள்! மழை பொய்த்தால் கண்மாய் வெடிக்கும். குண்டாறு மணலாய்க் கிடக்கும். கருவேலங்காடு மட்டுமே பச்சை காட்டும். அங்கே ஒருவன் 'பொன்னியின் செல்வ'னைப் பிரிக்கிறான். 1950இல் 'கல்கி' ஏட்டில் தொடங்கிய அத்தொடர்கதையின் முதற்காட்சி என்ன? ஆடிப்பெருக்கு நாள், கடலெனத் தளும்பும் வீராணம் ஏரி, கரைமேல் குதிரையில் வந்தியத்தேவன்! குடத்து நீரை அளந்து குடிப்பவன், அந்த ஏரிக்கரையைவிட்டு எழ மனமின்றி அமர்ந்திருக்கிறான். மன்னர் புகழ் பாடும் கதையாயிற்றே என்று நாம் குறை கூறலாம், கூறவும் வேண்டும். ஆயினும் அவன் பெற்ற குளிர்ச்சி பொய்யன்று.

ஏக்கம் தீர்வதே இன்பமெனில், துயரக் கதையை நாடுவானேன்? இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) காட்டும் ஆரோக்கியம், ஒடுக்கப்பட்டோருக்கே துணி வெளுத்து, அவர்களாலும் ஒதுக்கப்படும் பெண். அவள் அழுகையைப் படித்து நெஞ்சம் கனத்தவர், அடுத்த பக்கத்தைப் புரட்டாமலா விட்டனர்? தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டில் நகையோடு அழுகையையும், உவகையோடு அச்சத்தையும் சேர்த்தே வைத்தார். நூலுக்குள் வரும் துயர் நம்மை அடிக்காது. ஆகவே அஞ்சாமல் அதனருகே செல்கிறோம். நாம் ஒருபோதும் நுழையாத தெருவில், நம் தெருவார் உள்ளே விடாத ஒருத்தியின் உள்ளத்திலிருந்து உலகைக் காண்கிறோம். அக்காட்சியும் இன்பமே!

இதனால் படித்தவரெல்லாம் பண்பாளராகிவிடுவர் என முழங்க வேண்டாம். இலக்கியக் கதையைச் சிறிதுநேரம் படித்தாலே பிறர் உள்ளம் உணரும் திறன் கூடுகிறதென, கிட், கஸ்டானோ என்னும் உளநூலார் இருவர் 2013இல் 'சயின்ஸ்' ஏட்டில் எழுதினர். 2016இல் வேறு ஆய்வாளர் சோதித்தபோது அம்முடிவு கிட்டவில்லை.

கதையின் ஆற்றலுக்குத் திருச்சுழியே சான்று தரும். 1879இல், தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்த அதே ஆண்டில், அவ்வூரில் பிறந்தவர் வேங்கடராமன். மதுரையில் பயிலுங்கால் பெரியபுராணம் படித்து உருகினார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். 1896இல் வீடு துறந்து திருவண்ணாமலை சென்றார், ரமணர் எனப்பட்டார். அவர் சென்ற வழி பற்றிய வழக்கு வேறு. இங்கு நோக்க வேண்டியது ஒன்று: நாவல், தன்னைக் கதையென ஒப்புக்கொண்டே நம்மை அழவைக்கிறது, புராணமோ, நடந்ததென நம்பச் சொல்லி அழவைக்கிறது. முன்னதில், கண்ணீரைத் துடைத்தபின் ஆசிரியனோடு வழக்காடலாம்: "அவளை ஏன் அப்படிக் கைவிட்டாய்?" பின்னதில் அக்கேள்வியே குற்றம், கேட்டவன் நாத்திகன்!