பால் பொங்கினால் சந்தோஷமா?

போன மாதம் அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை, பிறந்து ஐந்தாம் நாள். வாசலில் நுழையும்போதே பூண்டு வதக்குகிற வாசனை. அடுப்பில் பால்சுறா புட்டு. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: 'பால் இருக்கா?'

உள்ளே அந்தப் பெண் நைட்டி நனைந்து, மார்பு கல்லாகக் கனத்து, கையை உடம்போடு ஒட்டி வைக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை வாய் வைத்ததும் பீய்ச்சியடிக்கிற பாலில் அதற்குப் புரையேறுகிறது; வீறிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 'பால் பத்தலை போல, அதான் அழுவுது' என்று பக்கத்து வீட்டு அம்மாள் தீர்ப்புச் சொல்ல, இன்னொரு கிண்ணம் புட்டு வந்தது.

இதையெல்லாம் ஒரு மாமா எழுதலாமா என்று தயங்கினேன். அவளே, 'எழுதுங்க மாமா, பேரை மட்டும் போட்டுடாதீங்க' என்றாள்.

யோசித்துப் பாருங்கள். தமிழில் பால் பொங்கினால் அது எப்போதும் நல்ல சேதிதான். புறநானூறு 295-ஆம் பாட்டில், போர்க்களத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் மகனைப் பார்த்த கிழத்தாயின் வற்றிய மார்பு திரும்பச் சுரக்கிறது. ஔவையார் அதைப் பெருமையாகச் சொல்கிறார். பெரியபுராணத்தில் சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தருக்கு உமையம்மை பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து கொடுக்கிறாள். (கறந்து எடுத்துக் கிண்ணத்தில் புகட்டுவதற்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா? இன்றைக்கும் பிரெஸ்ட் பம்ப் என்றால் முகம் சுளிக்கிற மாமியார்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம்.) சினிமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தாய்ப்பால் என்றால் ஒன்று கண்ணீர், இல்லையென்றால் சவால்.

விதிவிலக்காக எனக்குத் தெரிவது ஆண்டாள்தான். திருப்பாவை 12-ஆம் பாசுரம். எருமைகள் கன்றை நினைத்த மாத்திரத்தில் மடி சுரந்து, பால் நிற்காமல் கொட்டி, வீட்டுத் தரையே சேறாகிறது. கன்று வாய் வைக்கவில்லை, நினைப்பு வந்ததுமே சுரக்கிறது. இன்றைக்கு ஆக்ஸிடோசின் என்று டாக்டர்கள் சொல்கிற சங்கதி இதுதான். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும் இந்தப் பெண்ணுக்கு ஜாக்கெட் நனைகிறதே, அதேதான். உரைகாரர்கள், வீட்டுக்காரன் கண்ணன் கைங்கரியத்துக்குப் போய்விட்டதால் எருமைகளைக் கறக்க ஆளில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். சரி, கறக்காத மடி வலிக்குமே? அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அவர்களுக்கு அது செல்வச் செழிப்பு. என் புகார் இதுதான்: எருமைக்கும் சரி, பெண்ணுக்கும் சரி, நிறைவைப் பாடிய அளவுக்கு நிறைந்தவளின் அவஸ்தையை நாம் பாடவில்லை.

பழைய இலக்கியத்தை விடுங்கள். அக்கா வீட்டு அலமாரியில் 'தாய்-சேய் நலம்' ரகத்தில் மூன்று புத்தகங்கள் இருந்தன. புரட்டினேன். பால் ஊற என்ன சாப்பிடலாம் என்று பக்கம் பக்கமாக முருங்கைக்கீரை, வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்கு. அதிகமாக ஊறினால்? ஒரு புத்தகத்தில் மட்டும் ஒரு வரி: 'பிழிந்து வெளியேற்றவும்.' அந்த ஒரு வரிதான் வில்லங்கம்.

முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாக வரும். பிறகு சட்டென்று மடை திறக்கும். குழந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்று உடம்புக்கு அப்போது தெரியாது. எவ்வளவு வெளியே போகிறதோ அதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. சில வாரங்களில் கணக்கு நேராகிவிடும். அதற்குள் வலிக்கிறதே என்று ஒட்டப் பிழிந்தால், 'ஓஹோ, இரட்டைக் குழந்தை போலிருக்கு' என்று இன்னும் சுரக்கும். எங்கள் பெண் பம்ப் வைத்து ஒரு நாளைக்கு ஆறு தடவை எடுத்திருக்கிறாள். கூடவே வெந்நீர் ஒத்தடம், கட்டியை அழுத்தித் தேய்த்தல். எட்டாம் நாள் குளிர் ஜுரம், ஒரு பக்கம் சிவந்துபோய் நெருப்பாகக் கொதித்தது. பால்பவுடர் டப்பா வாங்கப் பையை எடுத்துவிட்டார் அவள் புருஷன்.

டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்தார். பால் கொடுப்பதை நிறுத்தாதே என்றார். அழுத்தித் தேய்க்காதே, ஐஸ் ஒத்தடம் வை, குழந்தை கேட்கும்போது கொடு, வலி தாங்காவிட்டால் இறுக்கம் குறைகிற அளவுக்கு மட்டும் எடு. சாய்ந்து படுத்துக்கொண்டு கொடு, வேகம் குறையும். 2022-இல் தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு வெளியிட்ட வழிமுறையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. நம் வீடுகளில் செய்வதற்கு நேர் எதிர்.

அடுத்த வைத்தியம் பூ. 'நாலு முழம் மல்லியை வச்சுக் கட்டு, அடங்கிரும்' என்று பூவிருந்தவல்லியிலிருந்து ஒரு சித்தி வந்தார். திருக்கச்சிநம்பி காஞ்சி வரதருக்குப் பூ கொண்டு போன ஊர்க்காரர், சொல்வார்தான். சிரிக்காதீர்கள். 1988-இல் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் மல்லிகையை புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். பால் கட்டு குறைவதில் பூவும் மாத்திரைக்குச் சமமாகவே நின்றது. ஆனால் அது பாலை நிறுத்துவதற்கான வைத்தியம். குழந்தை பக்கத்தில் இருக்கிற, கொஞ்சம் குறைந்தால் போதும் என்கிற பெண்ணுக்கு அதை ஏன் கட்ட வேண்டும்? சித்தியின் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

மிச்சப் பாலைக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் வங்கி இருக்கிறது. கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் காய்ச்சி, குறைமாதக் குழந்தைகளுக்குத் தருவார்கள். காசு கிடையாது. காசாக்க நினைத்தவர்களும் உண்டு. 2024 மே மாதம், தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த சில நாட்களிலேயே, மாதவரத்தில் பாட்டிலில் போட்டு விற்ற கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். பால்பண்ணைக்குப் பேர்போன மாதவரத்தில்!

எங்கள் பெண்ணுக்கு ஜுரம் மூன்று நாளில் இறங்கிவிட்டது. பம்ப் பெட்டிக்குள் போய்விட்டது. அதற்கு முன் எடுத்து வைத்த பால் ஃப்ரீசரில் தேதி ஒட்டி வரிசையாக இருக்கிறது, ஆவின் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில். அத்தான் காலைக் காபிக்கு அதில் ஒன்றை எடுக்கப்போய், அக்கா போட்ட கூச்சல் ஆவடி வரைக்கும் கேட்டிருக்கும்.