முதல் வருஷக் கணக்கு

முதல் நாவலுக்குப் பரிசு கொடுப்பது நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. அந்தப் பரிசை ஒரு காலத்தில் வாங்கியவன் நான். பிற்பாடு மூன்று முறை அதைக் கொடுக்கிற நடுவர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கியபோதும் சரி, கொடுத்தபோதும் சரி, மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்ன முள் என்பது, இலக்கியத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அக்கா அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் இருக்கிறாள். சென்ற வருஷம் அவள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அத்தான் 1999-லேயே அந்த ஊருக்கு வேலைக்குப் போனவர். அவருடைய பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்கக் கால்பந்து. சண்டை வருவதும் அதிலேதான்.

நம் ஊர்க் கால்பந்தை நினைத்துக்கொண்டு வாசகர்கள் ஏமாந்துவிடக் கூடாது. இதில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். அல்லது ஓடுகிற தோழனுக்கு எறியவேண்டும். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எறிகிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவருக்கும் எதிரிகளுக்கும் நடுவே ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். அந்த ஐவர் பந்தைத் தொடுவது மிக அபூர்வம். அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டு மேஜையில் தகராறு ஆரம்பமாயிற்று. 2000-ஆம் வருஷத்தில் வந்த புதுமுகங்களில் சிறந்தவர் யார்?

“மைக் ஆண்டர்சன். இதிலே என்ன சந்தேகம்?” என்றார் அத்தான்.

“டாம் பிரேடி அந்த வருஷம்தாம்ப்பா வந்தான்! ஏழு சாம்பியன் பட்டம் ஜெயிச்சவனை விட்டுட்டு ஆண்டர்சனாம்!” என்று பையன் சிரித்தான்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. பையன் என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்கதான் நாவல் போட்டிக்கெல்லாம் நடுவரா இருந்திருக்கீங்களே, நீங்க சொல்லுங்க” என்றான்.

“சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார் அத்தானும்.

மறுநாளிலிருந்து பழைய ஆட்டங்களின் பதிவுகளையும் புள்ளிவிவரங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவனுக்கு இது வேண்டாத வேலை என்று அக்கா சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் புதுமுகங்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்த்தேன். வருஷா வருஷம் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பங்கு போட்டுக்கொள்ளும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1936-இல் ஆரம்பித்த வழக்கம் இது. சென்ற சீசனில் ரொம்ப மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் முதல் உரிமை. ஜெயித்த அணிக்குக் கடைசி. எளியவனுக்கு முதல் பந்தி என்கிற இந்த ஏற்பாடு கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஊரிலேயே கெட்டிக்காரப் பையன் ஊரிலேயே நொடித்துப்போன கடைக்கு வேலைக்குப் போகிறான். சுமாரானவன் செழித்த கடையில் சேர்கிறான். வருஷக் கடைசியில் இருவருடைய கல்லாப் பெட்டியையும் எண்ணிப் பார்த்து ‘இவனே சமர்த்தன்’ என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி?

2000-ஆம் வருஷம் 254 பேரை எடுத்தார்கள். மைக் ஆண்டர்சன் 189-ஆவது ஆள். டாம் பிரேடி 199-ஆவது ஆள். அப்பாவும் பிள்ளையும் தூக்கிப் பிடித்த இருவரும் ஒரே ஆறாவது சுற்றில், பத்து இடம் முன்பின்னாக, ஏறக்குறைய யாருமே லட்சியம் செய்யாத நேரத்தில் கூப்பிடப்பட்டவர்கள்! நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் ‘நம்பும்படி இல்லை’ என்று அடித்திருப்பார்.

ஆண்டர்சனின் கதையும் அப்படித்தான். உயர்நிலைப் பள்ளியில் அவர் இந்த ஆட்டம் ஆடியதே இல்லை. பாண்டு வாத்தியக் கோஷ்டியில் டிரம் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு நான்கு வருஷம் கடற்படைக் காலாட்படையில் சேவை. அதற்குப் பிறகுதான் கல்லூரி. டென்வர் அணிக்கு வந்தபோது வயது 26; சீசன் தொடங்கிய அந்த மாதமே 27 ஆயிற்று. அணியின் பிரதான ஓட்டக்காரர் டெரல் டேவிஸ் காயத்தோடு இருந்தார். அடுத்தவர் ஓலாண்டிஸ் கேரி முதல் ஆட்டத்திலேயே முழங்காலை முறித்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஆண்டர்சன் கைக்குப் பந்து வந்தது. அந்த சீசனில் 297 முறை பந்தை எடுத்துக்கொண்டு ஓடி 1,487 கஜம் கடந்தார். 15 முறை எல்லைக் கோட்டைத் தாண்டினார். டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் அணியோடு நடந்த ஒரே ஆட்டத்தில் 251 கஜம்! அதுவரை எந்தப் புதுமுகமும் ஓர் ஆட்டத்தில் அவ்வளவு ஓடியதில்லை. அஸோஸியேட்டட் பிரஸ் நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாக்கு வாங்கி வருஷந்தோறும் கொடுக்கிற புதுமுகப் பரிசு ஆண்டர்சனுக்குப் போனது.

அத்தான் கட்சி ஜெயித்துவிட்டது போல இருந்தது. ஆனால் விமர்சகன் என்கிறவன் அடுத்த பக்கத்தையும் புரட்டவேண்டும் அல்லவா? புரட்டினேன். டென்வரில் 1998-இல் டேவிஸ் 2,008 கஜம் ஓடியிருக்கிறார். 1999-இல் புதுமுகமாக வந்த கேரி 1,159 கஜம். 2000-இல் ஆண்டர்சன். 2002-இல் கிளின்டன் போர்ட்டிஸ் என்ற இன்னொரு புதுமுகம் 1,508 கஜம். அதே பரிசு அவருக்கும்! ஓடுகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஊரில் கஜக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் ஓடியது யார்?

இங்கேதான் அந்த ஐவர் வருகிறார்கள். டென்வரின் முன்வரிசைக்காரர்கள் மற்ற அணிகளின் பூதாகாரர்களைவிட எடை குறைந்தவர்கள். அலெக்ஸ் கிப்ஸ் என்ற பயிற்சியாளர் அவர்களை ஒரு புது முறையில் பழக்கியிருந்தார். ஆளுக்கு ஒரு எதிரியோடு மல்லுக்கு நிற்பதற்குப் பதில், ஐவரும் ஏற்றம் இறைப்பவர்கள் போல ஒரே தாளத்தில் பக்கவாட்டில் நகர்வார்கள். தன் பங்கு நிலத்தில் யார் வந்தாலும் தடுப்பார்கள். எதிரியின் வரிசை இழுபட்டு ஏதோ ஓரிடத்தில் விரிசல் விடும். ஓட்டக்காரர் அந்த விரிசலைக் கண்டு, ஒரே வெட்டாகத் திரும்பிப் பாயவேண்டும். அவ்வளவுதான். இதில் இன்னொரு விசேஷம்: பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறப்பதில்லை என்று அந்த ஐவரும் ஒரு விரதமே வைத்திருந்தார்கள். நடுவில் நின்ற டாம் நேலன் 1994 முதல் வருஷக்கணக்காக டென்வருக்காகவே ஆடினார். பேசாதவரைப் பற்றி யார் எழுதுவார்கள்? எழுதாதவரைப் பற்றி யார் வாக்களிப்பார்கள்?

இந்தப் பரிசு 1967-இல் ஆரம்பமாயிற்று. அது முதல் 2024 சீசன் வரை, தாக்கும் பக்கத்துப் புதுமுகப் பரிசு முன்வரிசைக்காரர் ஒருவருக்குக்கூடக் கிடைத்ததில்லை. 2000-இல் வாஷிங்டன் அணி மூன்றாவது ஆளாக எடுத்த கிறிஸ் சாமுவெல்ஸ் பிற்பாடு ஆறு முறை நட்சத்திர அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஜாக்ஸன்வில் அணியில் சேர்ந்த பிராட் மீஸ்டர் 14 வருஷம் அங்கேயே நின்று உழைத்தார். புதுமுகம் என்று பேச்சு வரும்போது இவர்களை யாரும் நினைப்பதில்லை. பந்தைத் தொட்டவனுக்குத்தான் கணக்கு.

இதைச் சொன்னதும் பையன் குதித்தான். “பார்த்தீங்களா அப்பா, ஆண்டர்சன் ஒண்ணுமே இல்லே!”

அதுவும் அவசரம். கிட்டத்தட்ட அதே சுவருக்குப் பின்னால் முந்திய வருஷம் ஓடிய கேரி, ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 4.2 கஜம். ஆண்டர்சன் 5 கஜம். அந்த முக்கால் கஜத்துச் சொச்சம் ஆண்டர்சனுடைய சொந்தச் சம்பாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்து வைத்தது மற்றவர்கள். உள்ளே எவ்வளவு தூரம் போனான் என்பது அவன் சாமர்த்தியம்.

அவருக்குப் போட்டியாக நான் யோசித்தது பால்டிமோர் அணியின் ஜமால் லூயிஸை. அவர் ஓடியது 1,364 கஜம். ஆனால் அந்த அணி அக்டோபர் மாதத்தில் அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச் டவுன்கூட எடுக்க முடியாமல் தவித்த அணி. இவன்தான் ஓடப்போகிறான் என்று எதிரிகளுக்குத் தெரியும், தெரிந்தும் ஓடினார். அந்த சீசனின் இறுதிப் போட்டியில் 102 கஜம் ஓடி, பட்டமும் வாங்கினார். லூயிஸ் 2003-இல் 2,066 கஜம் ஓடினார் என்பதைப் படித்தபோது, பேனா அவர் பக்கம் சாய்ந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். 2000-ஆம் வருஷத்துத் தீர்ப்புக்கு 2003-ஆம் வருஷத்துச் சாட்சியைக் கூப்பிடுவது நியாயமல்ல. பையனிடம் நான் சொல்லப்போகிற குற்றத்தை நானே செய்யலாமா?

தடுக்கும் பக்கத்தில் பரிசு வாங்கியவர் சிகாகோவின் பிரையன் அர்லாக்கர். முதலில் அவரை ஓரத்தில் நிறுத்தினார்கள், சோபிக்கவில்லை. நடுவில் ஆடிய மூத்தவருக்குக் காயம் பட்டதால் நடுவுக்கு வந்தார். அதன்பின் அந்த இடம் அவருடையதாகிவிட்டது. எதிரிக் குவார்ட்டர்பேக்கைப் பந்து எறியுமுன் வீழ்த்திய கணக்கு அவருக்கு 8. நியூ ஆர்லியன்ஸ் புதுமுகம் டேரன் ஹோவர்டுக்கு 11. ஆனாலும் நடுவில் நிற்கிறவன் நான்கு திசையும் காவல் காக்கிறான். அதை அந்த ஒரு எண் காட்டாது. இந்த இடத்தில் வாக்களித்தவர்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பிரேடி? அவர் முதல் சீசன் முழுவதும் எறிந்த பந்து மூன்று. அதில் தோழன் கைக்குப் போனது ஒன்று. கிடைத்தது 6 கஜம். 5 ஆட்டம் ஜெயித்து 11 ஆட்டம் தோற்ற நியூ இங்கிலாந்து அணியில் அவர் நான்காவது குவார்ட்டர்பேக். சாதாரணமாக எந்த அணியும் நான்காவது ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. இவரை வெளியே விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். 2001 செப்டம்பரில் முதல் குவார்ட்டர்பேக் அடிபட்டு விழுந்தார். பிரேடி உள்ளே வந்தார். மற்றதெல்லாம் சரித்திரம். ஆனால் 2000-இல் அவர் ஆடியது 6 கஜ ஆட்டம். ‘சிறந்த புதுமுகம்’ என்பதும் ‘அந்த வருஷம் வந்தவர்களில் பிற்பாடு பெரியவரானவர்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு வாக்களிப்பவர் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குக் காலம்தான் பதில் சொல்லும். ஒன்றுக்கான விடையை மற்றதன் தலையில் கட்டுவதால்தான் பரிசு வாங்கியவனும் கெடுகிறான், வாங்காதவனும் கெடுகிறான்.

என் மனத்தை அசைத்தது கடைசியில் படித்த ஒரு சிறிய விஷயம். ஆண்டர்சனுக்கு இரண்டாவது வருஷம் 678 கஜம்தான். 2002-இல் போர்ட்டிஸ் வந்ததும் ஆண்டர்சனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஓட்டக்காரருக்கு முன்னால் ஓடி, எதிரியை முட்டித் தள்ளி வழி செய்துகொடுக்கிற இடம் அது. இரண்டு வருஷத்துக்கு முன் பரிசு வாங்கியவர், அடுத்த பரிசுக்காரனுக்குப் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்! முணுமுணுக்காமல் ஆடியிருக்கிறார் என்றுதான் பதிவுகளைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. 2005-இல் மறுபடி பந்து அவர் கைக்கு வந்தபோது 1,014 கஜம் ஓடினார்.

என் முள் இதுதான். என் முதல் நாவல் பத்திரிகையில் வெளிவருமுன் ஓர் உதவி ஆசிரியர் அதில் 140 பக்கத்தை வெட்டினார். மூன்றாம் அத்தியாயத்தை முதலில் கொண்டுவந்தார். நான் சண்டை போட்டேன். அவர் பதில் பேசவில்லை. பரிசு வந்தது. மேடையில் தாயார், தமிழ், ஊர் ஆறு என்று எல்லோருக்கும் நன்றி சொன்னேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று வெகு நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, சொல்ல மனம் வரவில்லை. என் இரண்டாவது நாவலை அவர் இல்லாமல் எழுதினேன். அது என்ன ஆயிற்று என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் அத்தானிடமும் பையனிடமும் என் பட்டியலைக் கொடுத்தேன். தாக்கும் பக்கத்தில் ஆண்டர்சன். மயிரிழை பின்னால் லூயிஸ். தடுக்கும் பக்கத்தில் அர்லாக்கர், அடுத்து ஹோவர்டு. முன்வரிசைக்கு சாமுவெல்ஸும் மீஸ்டரும். பிரேடி பட்டியலில் இல்லை. ஆண்டர்சன் பெயருக்குக் கீழே ‘முன்வரிசை ஐவர் உட்பட’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

“பிரேடியை விட்டுட்டீங்களே மாமா!” என்றான் பையன்.

“அவன் அந்த வருஷம் காத்திருந்தான். காத்திருப்பதற்குப் பரிசு கிடையாது” என்றேன்.

அத்தான் அந்தச் சிறிய வரியை இரண்டு தரம் படித்தார். ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த முதல் நாவல் இப்போது மறுபதிப்பு வருகிறது. முன்னுரையின் முதல் வரியில் அந்த உதவி ஆசிரியரின் பெயர் இருக்கும். பார்க்க அவர்தான் இல்லை.