வளைத்தால் வெளுக்கும் பிளாஸ்டிக்

விலை மலிவான மோல்டட் நாற்காலியின் காலைக் கொஞ்சம் அழுத்தி வளைத்தால், வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். பாலிப்ரொப்பிலீனில் கலந்த கால்சியம் கார்பனேட் (கல்மாவு) துகள்கள் பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிந்து, சுற்றிலும் நுண்ணிய இடைவெளிகள் உண்டாகி, அங்கே ஒளி சிதறுவதால் வரும் வெளுப்பு அது. பார்த்ததும் "மாவு ஒட்டவில்லை" என்று குறை சொல்லத் தோன்றும். அதில் பாதிதான் உண்மை.

கல்மாவு ஈரத்தை நாடும்; பாலிப்ரொப்பிலீன் எண்ணெய்க் குணம் கொண்டது. இரண்டும் தாமாகச் சேராது. தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் வழி ஸ்டியரிக் அமிலப் பூச்சு. 70 டிகிரியை ஒட்டி உருகும் இந்த அமிலத்தைச் சூடான அதிவேக மிக்சரில் மாவோடு சுழற்றினால், அதன் ஒரு முனை கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். நீண்ட மறுமுனை வெளியே நிற்கும். சாதாரண மாவுக்கு எடையில் 1 சதவீத அளவே போதும். கூடினால் வெறும் மசகாகி வலுவைக் குறைக்கும். அளவாகப் பூசினால் மாவு கட்டி தட்டாது, உருகிய பிளாஸ்டிக் தடையின்றி ஓடும். ஆனால் அந்த மறுமுனை பாலிப்ரொப்பிலீனோடு பிணைவதில்லை. பூச்சு மாவைப் பரப்பித்தான் வைக்கிறது.

நாற்காலிக்கு இந்தப் பிணையாத நிலையே நல்லது என்பேன். அடி விழும்போது துகள் விடுபட்டால்தான் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். துகள் பொடியாகவும் சீராகவும் பரவியிருக்க வேண்டும்; கட்டி ஒன்று கிடந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பாரம் தாங்கும் பாகங்களின் கதை வேறு. கண்ணாடி இழைக்குச் சிலேன், சணல் இழைக்கு மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிப்ரொப்பிலீன் என்று உண்மையான பிணைப்பு வேண்டும். சிலேனைக் கால்சியம் கார்பனேட்டில் பூசுவது பெரும்பாலும் வீண் செலவு. பற்றிக்கொள்ள அதன் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் இல்லை. 2018-இல் மூடப்பட்ட தில்லியின் பதர்ப்பூர் அனல்மின் நிலையம் விட்டுப்போன சாம்பல் போன்றவற்றில் சிலிக்கா நிறைய உண்டு. சிலேன் அங்கே பிடிக்கும். ஐ.ஐ.டி. தில்லியில் 1990-களின் தொடக்கத்திலேயே டைட்டனேட் என்ற வேறொரு பூச்சேற்றிய கல்மாவைச் சோதித்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி. இருக்கும் ஹௌஸ் காஸிலிருந்து தில்லியின் பவானா, நரேலா பிளாஸ்டிக் ஆலைகள் ஒன்றும் தொலைவில் இல்லை. இந்த அறிவு அங்கே போய்ச் சேர வேண்டும்.

எனக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு. பூச்சு தரும் சுலபத்தால் மாவை ஏற்றிக்கொண்டே போகலாம் என்ற ஆசை வருகிறது. பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.9, கல்மாவுடையது 2.7. எடையில் 15 சதவீதத்துக்கு மேல் மாவு சேர்ந்தாலே பொருள் தண்ணீரில் மூழ்கிவிடும். பழைய பிளாஸ்டிக்கைத் தொட்டியில் போட்டு, மிதப்பதை ஒருபுறமும் மூழ்குவதை மறுபுறமும் பிரிக்கும் மறுசுழற்சிக்காரருக்கு நல்ல பாலிப்ரொப்பிலீன் பி.வி.சி.யோடு சேர்ந்து அடியில் போய்விடுகிறது. எத்தனை சதவீதம் கனிமம் என்பதைப் பொருளின் மேலேயே பொறிக்க ஐ.எஸ்.ஓ. 11469 வழி சொல்கிறது; கார் பாகங்களில் அந்தக் குறியைக் காணலாம். பக்கெட்டுக்கும் நாற்காலிக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.