கண்ணாடி மேல் தேய்த்த இறக்கை

பச்சை கட்டிங் மேட் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஓல்ஃபாவின் மேட் நல்ல சரக்கு. டெக்கால் ஒட்டுப்படம் நறுக்க, ஸ்ப்ரூச் சட்டத்திலிருந்து பாகங்களைப் பிரிக்க அதற்கு நிகரில்லை. ஆனால் அதை மட்டும் விரித்துக்கொண்டு ஒரு முழு பிளாஸ்டிக் மாடல் விமானத்தையும் முடித்துவிடலாம் என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. என் கட்சி கண்ணாடிக் கட்சி.

தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்புக்காரர்களுக்குக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீசர் மேசையில் பச்சைத் துணிக்கு மேலே கிடக்குமே, அதே தடிக் கண்ணாடி. பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் ஒரு துண்டு வாங்கி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, அடியில் வெள்ளைத்தாள் வைத்துவிட்டால் போதும். ஃப்ளோட் கண்ணாடியாகப் பார்த்து வாங்க வேண்டும். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு எடுப்பது அது. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் வெளியிட்ட முறை. இவ்வளவு சமமான பரப்பை அந்த விலைக்கு வேறெதிலும் வாங்க முடியாது.

மிக்-21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர். 1/72 அளவு மாடலில் பத்து சென்டிமீட்டர்கூட வராது. கிட்டில் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், நிஜ அளவில் அது 36 மில்லிமீட்டர்! ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த விமானத்துக்கு அப்படியொரு மொண்ணை விளிம்பா? தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் மிக்-21இன் பின்விளிம்பை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துக் கண்ணாடி மேல் விரித்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இறக்கைப் பாதியின் உட்புறத்தைக் கீழே வைத்து, இரண்டே விரலால், அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அவ்வப்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பின்விளிம்பு மெலிந்து மெலிந்து பிளாஸ்டிக்கின் ஊடே ஒளி தெரியத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இதையே மேட் மேல் செய்தால் அது விரலுக்கு அமுங்கிக் கொடுக்கும், விளிம்பு உருண்டுவிடும். பித்தளை எட்ச் பாகங்களும் அப்படித்தான்: மேட் மேல் வெட்டினால் வளையும், கண்ணாடி மேல் நறுக்கென்று துண்டாகும். பிளேடு சீக்கிரம் மழுங்குமே என்பார்கள். மழுங்கட்டும். பிளேடு மாற்றத்தானே இருக்கிறது?

உடல் பாதிகளையும் இப்படிச் சமமாக்கிச் சேர்த்துப் பிடித்து, டாமியாவின் பச்சை மூடி சிமென்ட்டைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும், இணைப்பு நெடுக அதுவே ஓடும். மே மாதத் தில்லியில் பாதி வழியிலேயே காய்ந்துவிடும் என்பதால் ஒட்டும் வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்வேன்.

இப்போதெல்லாம் இடைவெளி தெரிந்தால் புட்டி, அதற்கு மேல் இன்னொரு புட்டி. பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆரம்பகால இந்திய மிக்குகள் பெயின்ட் இல்லாமல் வெறும் உலோகத்தில் மின்னியவை. அதற்காக மாடலில் அடிக்கும் வெள்ளி நிறம் எந்தக் கீறலையும் மன்னிக்காது. ஸ்பாஞ்சு ஸ்டிக்கும் டஜன் கணக்கில் கருவிகளும் வாங்கிக் குவிக்கிறவர்களிடம் ஒரு துண்டுக் கண்ணாடி இல்லாததைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படை மிக்-21க்கு விடைகொடுத்த பிறகு அந்தக் கிட்டைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எந்த ஸ்குவாட்ரன், எந்த நிறம் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். இறக்கையைத் தேய்த்தாயிற்றா என்று நான் கேட்கிறேன்.