பினாங்கு கப்பலின் முடிவும் அதை எழுதியோரும்

பாய்மரக் கப்பல்களின் அந்திமக் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்களுள், எரிக் நியூபி 1956இல் வெளியிட்ட 'கடைசித் தானியப் பந்தயம்' பெரும் வாசகப் பரப்பைப் பெற்றது. 1938இல், தமது 18ஆம் வயதில், பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் மோஷுலு என்னும் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்தவர் அவர். ஆஸ்திரேலியத் தானியத்தை ஏற்றிய அக்கப்பல் 91 நாட்களில் கடல் கடந்து, 1939ஆம் ஆண்டின் பந்தயத்தில் முந்தியது. வடம் இழுத்துத் தழும்பேறிய கைகளையும், ஸ்வீடிஷ் மொழியில் ஒலித்த கட்டளைகளையும் நியூபி எழுதும்போது நாமும் அத்தளத்தில் நிற்கிறோம். அவருடைய நகைச்சுவை எங்கும் உறுத்துவதில்லை.

ஆயினும் இவ்வகை நூல்கள் அனைத்திலும் ஒரு பொதுவான இரங்கல் தொனி உண்டு. நீராவி வந்தது, காற்றின் காலம் முடிந்தது, கப்பல்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன என்பதே அத்தொனி. பல கப்பல்களுக்கு இது பொருந்தும். பினாங்கு என்ற கப்பலுக்குப் பொருந்தாது.

அப்பெயர் நம் காதுக்கு அந்நியமன்று. நம் மரைக்காயர்கள் வணிகம் செய்த ஊரின் பெயர் அது. ஆனால் கப்பலோ 1905இல் ஜெர்மனியின் பிரேமர்ஹாவனில் ஆல்பர்ட் ரிக்மர்ஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. பின்னர் பின்லாந்தின் ஆலந்துத் தீவுகளைச் சேர்ந்த குஸ்தாஃப் எரிக்சன் அதன் உரிமையாளரானார். 1940 ஜூலையில் தென் ஆஸ்திரேலியாவின் ஸ்டென்ஹவுஸ் விரிகுடாவிலிருந்து தானியத்துடன் புறப்பட்டது. அயர்லாந்தின் குயின்ஸ்டவுனை அடைந்து, எந்தத் துறைமுகத்தில் இறக்குவது என்ற ஆணையை அங்குப் பெற வேண்டும். கப்பல் அங்கு வந்து சேரவில்லை. இத்தகைய கப்பல்கள் பெரும்பாலானவற்றில் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி கிடையாது. ஆகவே ஊரில் இருந்தோர்க்கு எஞ்சியது மௌனம் மட்டுமே.

முடிவைச் சொன்னது எதிர்பாராத ஒரு சாட்சி. 1940 டிசம்பர் 8 அன்று, அயர்லாந்துக்கு வடமேற்கே, யூ-140 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கி டார்பிடோ ஏவி அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 18 பேரும் மாண்டனர். அப்போது பின்லாந்து ஜெர்மனியுடன் போரில் இல்லை. ஜெர்மானியக் கடற்படையின் ஆவணங்கள் 1945இல் டாம்பாக் கோட்டையில் பிரிட்டிஷார் கையில் சிக்கின. நீர்மூழ்கிகளின் போர் நாட்குறிப்புகளை ஆய்வாளர் புரட்ட முடிந்தது அதன் பின்னரே.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஒரு செய்தி எவர் வழியாக வந்தது என்று கேட்பது ஆய்வின் முதற்படி. எரிக்சனின் மற்றொரு கப்பலான ஆலிவ்பேங்க் 1939 செப்டம்பர் 8 அன்று டென்மார்க்கை ஒட்டிய வடகடலில் கண்ணிவெடியில் மோதியது. 14 பேர் இறந்தாலும் 7 பேர் பிழைத்துச் சாட்சி கூறினர். 1940 ஆகஸ்ட் 10 அன்று விடர் என்ற ஜெர்மானியக் கப்பல் கில்லோரனை மூழ்கடித்தபோது, மாலுமிகள் சிறைபிடிக்கப்பட்டு உயிர் தப்பினர். ஆக அவ்விரண்டுக்கும் கப்பலில் இருந்தோரின் குரல் உண்டு. பினாங்குக்கோ கொன்றவரின் குரல் ஒன்றே. அது தேதியைச் சொல்லும், இடத்தைச் சொல்லும், இலக்கைச் சொல்லும். தளத்தில் நின்ற மனிதரைச் சொல்லாது. அவர்களுடைய கடைசி நேரம் எந்த ஏட்டிலும் இல்லை.

அரபு இலக்கணத்தில், செய்தவர் பெயர் சொல்லப்படாத வினையை 'மஜ்ஹூல்' வடிவம் என்று மாணவர்க்குப் பாடம் சொல்கிறோம். கடல் இலக்கியமும் அவ்வடிவத்தையே விரும்புகிறது போலும். 'காணாமற் போயிற்று', 'கடல் கொண்டது' என்று எழுதுவோர், தெரிந்தே ஏவப்பட்ட ஒரு டார்பிடோவை இயற்கையின் கணக்கில் வரவு வைத்துவிடுகின்றனர். நாட்குறிப்பு கிடைக்கும் முன் அவ்வாறு எழுதியோரைக் குறை சொல்வதற்கில்லை. அதன் பின்னரும் அத்தொடர்களையே எடுத்தாள்வோரின் சோம்பலை நம்மால் ஏற்க இயலவில்லை. மறுபுறம், நாட்குறிப்பின் ஒரு பதிவை அப்படியே பெயர்த்தெழுதிவிட்டு வரலாறு முடிந்தது என்போரும் பாதி வழியில் நிற்பவரே. எரிக்சனின் மாலுமிகளுள் பலர் பயிற்சிக்காகச் சேர்ந்த இளைஞர். பினாங்கின் ஆள்பட்டியலையும் உரிமையாளரின் அலுவலகக் கடிதங்களையும் அந்த நாட்குறிப்பின் அருகே வைத்து எழுதப்படும் நூலே நமக்கு வேண்டியது.

எரிக்சனின் போமர்ன் என்ற கப்பல் போருக்குத் தப்பி, ஆலந்தின் மரிஹாம்ன் நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பயணிகள் அதன் பாய்மரங்களை அண்ணாந்து பார்த்து, காற்றின் காலம் போயிற்றே என்று வருந்தக்கூடும். பினாங்கு திரும்பியிருக்க வேண்டிய துறையும் அதுவே.