பின்னோக்கி அமர்ந்தவனின் கலை

துடுப்புப் படகுப் பந்தயத்தில் ஒரு வினோதம் உண்டு. படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன்தான் அதை ஓட்டுகிறான். இலக்கு அவன் கண்ணில் படுவதே இல்லை. விட்டுவந்த தண்ணீர் தெரியும், பின்தங்கும் எதிராளி தெரிவார், அவ்வளவுதான். பிளேடு நீருக்குள் இறங்கும் இடம்கூட அவன் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாவற்றையும் கைப்பிடியின் கனத்திலும் பாதத்தின் அழுத்தத்திலுமே அறிந்துகொண்டு, 2000 மீட்டரை ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் கடந்தாக வேண்டும். பயிற்சியில் அவனுக்குக் கண்ணாக இருப்பவர் மோட்டார் படகில் பின்தொடரும் கோச். ஆனால் நேற்றுவரை துடுப்பு வலித்தவர் இன்று கோச் ஆகும்போது புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. உடம்பு அறிந்து வைத்திருப்பதைக் கண்ணால் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் வேண்டும். இந்த மாற்றத்தை நான் தனிக் கலையாகவே ரசிக்கிறேன்.

பூந்தமல்லி பக்கத்துச் சென்னீர்குப்பத்துக்காரர்கள் இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் என்று மெட்ரோ தூண்களை ஒட்டியே போனால் போரூர் ஏரி. அங்கே ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. சென்னையில் இந்த விளையாட்டின் பழைய வீடு அடையாற்றங்கரை. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், 1898 முதல் கொழும்பு ரோயிங் கிளப்போடு போட்டியிட்டு வருகிறது. நம் பக்கத்து ஏரியும் இன்று அந்தக் கதையில் ஓர் அத்தியாயம்.

முதல்முறை பார்ப்பவர் கைகளைத்தான் பார்ப்பார். பார்க்க வேண்டியது கால்களை. வீரன் உட்காரும் சீட் சக்கரங்களின் மேல் முன்னும் பின்னும் ஓடும். பாதங்கள் படகோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். முழங்காலை மடக்கி முன்னால் வந்து, பிளேடை நீரில் இறக்கும் நொடிக்குக் ‘கேட்ச்’ என்று பெயர். அங்கிருந்து கால்கள் தள்ளுகின்றன. முதுகு திறக்கிறது. கைகள் கடைசியில்தான் வருகின்றன. ஆரம்பக்காரன் இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலிலேயே கையால் இழுப்பான். சிறிது தூரத்திலேயே முன்கை இறுகிப்போகும். தேர்ந்தவன் கேட்ச் எடுக்கும்போது தண்ணீர் தெறிப்பது மிகக் குறைவு.

வலிப்பதைவிட அழகு, அடுத்த இழுப்புக்காக முன்னே வருவதில் இருக்கிறது. ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் உட்காருபவர் 90 கிலோ இருக்கலாம். அகலமோ ஒரு முழத்துக்கும் குறைவு. துடுப்பு நீரை விட்டு எழுந்தபின் அந்தக் கனத்த உடம்பு மெல்ல ஒரு பக்கம் நகர, இலேசான படகு அதற்கடியில் எதிர்ப்பக்கம் வழுக்கி ஓடுகிறது. ஒரு சுற்றில் படகு உச்ச வேகத்தைத் தொடுவது துடுப்பு நீரில் இருக்கும்போது அல்ல, காற்றில் இருக்கும்போதுதான். அவசரப்பட்டு சீட்டோடு முன்னால் பாய்ந்தால், பாதத்தட்டில் மோதும் கனம் அந்த ஓட்டத்தை விழுங்கிவிடும். நல்ல பாடகர் காலப்பிரமாணத்தைக் கைவிடாமல் இடைவெளிக்கும் உரிய மதிப்பைக் கொடுப்பதைப் போல, நல்ல வீரன் இந்தத் திரும்புதலுக்கு நேரம் கொடுக்கிறான். வலிமை உள்ளவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். இந்தப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

துடுப்பு விட்டுச்செல்லும் நீர்ச்சுழிகளையும் கவனியுங்கள். ஒரு சுழிக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம்தான் ஒரு இழுப்பு படகுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. எட்டுப் பேர் வலிக்கும் படகில் எட்டுத் துடுப்பும் ஒரே ஒலியாக விழுகின்றனவா, சிதறி விழுகின்றனவா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அனுபவமுள்ள கோச்சுகள் பிள்ளைகளையே கண்ணை மூடி வலிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பார்வை போனால் காதும் பாதமும் விழித்துக்கொள்ளும்.

வீரனிலிருந்து கோச் என்ற பாதைக்கு நம் நாட்டில் நான் காட்டக்கூடிய சிறந்த பெயர் பஜ்ரங் லால் தாக்கர். ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். தண்ணீரே அரிதான மண்ணிலிருந்து ராணுவத்தில் சேர்ந்து, அங்கே துடுப்பைப் பிடித்தவர். துரோணாச்சாரியா விருது பெற்ற இஸ்மாயில் பெய்க்கின் பயிற்சியில் வளர்ந்து, 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். 2010இல் குவாங்சோவில் ஒற்றையர் தங்கத்தை வென்றார். ஆசிய விளையாட்டுத் துடுப்புப் படகில் இந்தியாவின் முதல் தங்கம் அது. பின்னர் அவரே கோச் ஆனார். அவரிடம் பயின்ற ஹரியானாவின் பல்ராஜ் பன்வார் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நான்காவதாக வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் காலிறுதி வரை சென்று 23ஆவது இடத்தில் முடித்தார். பெய்க், தாக்கர், பன்வார்: இசையில் நாம் பெருமையோடு சொல்லும் குரு–சீடப் பரம்பரை இங்கேயும் இருக்கிறது.

இந்தப் பரம்பரையில் ஒரு குறையும் தெரிகிறது. பன்வார் 2018இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகே படகேறினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13ஆவதாக வந்த தத்து போகனல், நாசிக் மாவட்டத்தின் வறண்ட ஊரில் கிணறு வெட்டிய குடும்பத்துப் பிள்ளை; அவருக்கும் ராணுவம்தான் படகைக் காட்டியது. ஏற்கெனவே முற்றிய உடம்புக்குப் புது நடையைப் பழக்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றால், பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தண்ணீரில் இறங்கிய பிள்ளை எவ்வளவு தூரம் போகும்? அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் பள்ளிக்கூட கோச்.

அவருக்குப் பாடம் தரக்கூடியவர் ஸ்டீவ் ஃபேர்பெர்ன். மெல்பர்னில் 1862இல் பிறந்து, கேம்பிரிட்ஜுக்காக நான்கு முறை ஆக்ஸ்ஃபோர்டை எதிர்த்து வலித்தவர். பிறகு கேம்பிரிட்ஜின் ஜீஸஸ் கல்லூரியில் பயிற்றுவித்தார். முதுகு விறைப்பாக இருக்க வேண்டும், உடம்பு இன்ன கோணத்தில் சாய வேண்டும் என்று அளந்து கொண்டிருந்த காலத்தில், பிளேடு தண்ணீரில் செய்யும் வேலையில் மனத்தை வைத்தால் உடம்பு தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்றார். குளிர்காலத்தில் நெடுந்தூரம் வலிக்கப் பழக வேண்டும் என்பதற்காக 1926இல் தேம்ஸ் நதியில் அவர் தொடங்கிய ‘ஹெட் ஆஃப் தி ரிவர்’ பந்தயம் இன்றும் நடக்கிறது.

பள்ளி கோச்சுக்கு இந்தப் பாடம் எவ்வளவு பொருந்துகிறது! பதக்கம் வென்றவருக்குத் தன் பாணியை அப்படியே பிள்ளைகள் மேல் ஏற்றும் ஆசை இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கால் நீளம் ஆறு மாதத்தில் மாறிவிடும். அப்போது பாதத்தட்டை நகர்த்த வேண்டும், துடுப்பின் அளவை மாற்ற வேண்டும். இரண்டு கையிலும் துடுப்புள்ள ஸ்கல்லிங்கில் தொடங்கினால் வளரும் முதுகு ஒரு பக்கமாக இழுபடாது. முதலில் கை மட்டும், பிறகு முதுகு, பிறகு கால் பாதி, கடைசியில் முழு ஓட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் நீச்சல். உள்ளங்கைக் கொப்புளம் ஆறும்வரை காத்திருப்பதும், ஒரே நேரத்தில் ஐந்து தவறு கண்ணில் பட்டாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்ற நான்கை விழுங்குவதும் இந்தத் தொழிலின் நுட்பம். தானே வலித்த நாட்களில் வேகமாக இருக்கக் கற்றவர், இங்கே மெதுவாக இருக்கக் கற்கிறார்.

வீரருக்குக் கைதட்ட ஆளிருக்கிறது. வெற்றி தோல்வி பலகையில் பள்ளி கோச்சின் பெயர் வராது. ஆனாலும் ஒரு நாட்டின் துடுப்புப் படகுத் தரம் அவருடைய கையில்தான் இருக்கிறது என்பது என் தீர்ப்பு. வறண்ட மண்ணின் பிள்ளைகள் ஆசியத் தங்கமும் ஒலிம்பிக் படகும் கண்டுவிட்டார்கள். ஏரிகளைச் சுற்றி வீடு கட்டிக்கொண்ட நாம் அவற்றை மழைக்காலத்து வெள்ளச் செய்தியில் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பள்ளிகளும் பெற்றோரும் நீச்சல் தெரிந்த பிள்ளைகளை ஒரு பருவமாவது ஒரு நல்ல கோச்சிடம் ஒப்படைத்துப் பாருங்கள்.