எடுப்பவரும் காப்பவரும்

புகைப்படக் கலையைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் தங்கள் தொழிலுக்கு அந்திமக்காலம் வந்துவிட்டதாகக் கவலைப்படுவதைத் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர் ஸ்டூடியோவிலும் இன்று கேட்கலாம். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் இத்தொழில் இங்கே தொடக்கத்திலேயே நிச்சயமான ஜீவனமாக இருக்கவில்லை. 1856-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குப் பெரிய கருவிகளோடு பிரயாணம் செய்த அவர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ஆனால் செலவு மிகுதி என்று சொல்லி அந்தப் பணியே 1860-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பதவி போயிற்று, படங்கள் காக்கப்பட்டன, ஆதலால்தான் அன்று கல்வெட்டு இருந்த நிலையை இன்று நாம் பார்க்க முடிகிறது.

புகைப்படக்காரரின் வேலையில் இரண்டு கடமைகள் அடங்கியிருக்கின்றன. படத்தை எடுப்பது ஒன்று. எடுத்ததைக் காப்பது மற்றொன்று. மாறிவரும் தொழிலின் குணதோஷங்களை எடைபோட இந்தப் பிரிவினை அவசியம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் முதற்கடமையில் இன்றைய தலைமுறை முன்னோரைப் பல வகையில் விஞ்சியிருக்க, இரண்டாவது கடமை யாரைச் சேர்ந்தது என்பதே கேட்பாரற்றுப் போய்விட்டது.

பழைய ஸ்டூடியோவின் சிறப்பு அதன் நிதானத்தில் இருந்தது. யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படங்களே கிடைக்கும் என்ற நிர்ப்பந்தம், ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்துவதற்கு முன்பும் ஒளியையும் முகத்தையும் கவனிக்கும் சிரத்தையை வளர்த்தது. தாலி கட்டும் தருணம் ஒரு முறைதான் வரும். கெட்டிமேளம் கொட்டிய பிறகு மாப்பிள்ளையை மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது. ஆகவே எந்தக் குடும்பத்தில் எந்தச் சடங்கு எதற்குப் பின் வரும், தாரை வார்க்கும்போது யார் எங்கே நிற்பார் என்பதையெல்லாம் அறிந்து, முன்கூட்டியே தக்க இடத்தில் போய் நிற்பவரே தேர்ந்த போட்டோக்காரர் என்று மதிக்கப்பட்டார். திருமணம் முடிந்த பிறகும் அவர் பொறுப்பு முடியவில்லை. நெகட்டிவ்கள் பெயரும் தேதியும் எழுதிய உறைகளில் அலமாரி ஏறின. பல ஆண்டு கழித்துத் தாயார் காலமாகி, மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும் என்று மகன் வந்து நின்றால், உறையைத் தேடி எடுத்து முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போது அந்த முறையின் தோஷங்களை மறைப்பது நேர்மையாகாது. மெல்லிய பென்சிலால் நெகட்டிவைத் திருத்தும் ‘டச்சிங்’ வேலை கைத்திறனில் உயர்ந்ததுதான். டிரைப் கூடத் தம் நெகட்டிவ்களில் மேகங்களைத் தீட்டியிருக்கிறார். ஆனால் நம் ஸ்டூடியோக்களில் அந்தத் திறமை பெரும்பாலும் கறுத்த முகத்தை வெளுப்பாக்கவே செலவாயிற்று. தன் நிறத்தோடு தன்னைப் பார்க்கும் உரிமையைப் பல பெண்கள் தங்கள் திருமணப் படத்திலேயே இழந்தார்கள். தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று. பெண்கள் இருட்டறைக்குள் தொழிலாளியாக நுழைவது அபூர்வம். காப்பதும் கடைசிவரை நிகழவில்லை. இடநெருக்கடி வந்தபோது வெள்ளிக்காக விற்கப்பட்ட நெகட்டிவ்களும், மருந்தைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடிக்காகப் பயன்படுத்தப்பட்ட தகடுகளும் உண்டு. எஞ்சியவற்றில் ஒரு பகுதியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிச் சென்று பிரதி எடுத்துப் பாதுகாத்திருப்பது நம் நன்றிக்குரிய செயல். அதை நாமே செய்திருக்க வேண்டும் என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

பிறகு வந்த மாறுதல்கள் யாவரும் அறிந்தவை. பிலிம் போயிற்று, ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்தந்த அலுவலகத்திலேயே படம் எடுக்கும் ஏற்பாடு வந்ததால், வாடகைக்காவது உதவிய அன்றாட வருமானம் குறைந்தது, கைப்பேசி ஒவ்வொருவரையும் படமெடுக்க வல்லவராக்கியது.

இந்தச் சூழலில் தோன்றிய ‘கான்டிட்’ பாணியைப் பழமைப் பற்றுள்ளவர்கள் இகழ்வது நியாயமல்ல. மேடையில் வரிசையாக நின்று விறைத்துப் பார்த்த முகங்களுக்குப் பதிலாக, மகளை அனுப்பிவைக்கும் தகப்பனாரின் கலக்கமும், பந்தியில் இலை போடுபவரின் அவசரமும் படத்துக்குள் வந்தது இதனால்தான். பெண்களும் துணிந்து இத்தொழிலை மேற்கொண்டு, மணப்பெண் அலங்கார அறையின் அந்தரங்கமான மகிழ்ச்சியைக் கண்ணியத்தோடு பதிவு செய்கிறார்கள்.

ஆனால் ஒரே முகூர்த்தத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படும்போது, தேர்ந்தெடுப்பது என்ற முதன்மையான கலைச்செயல் சோர்வு தரும் வேலையாகிவிடுகிறது. ஊருக்கு ஊர் வேறான வெயிலும் நிறமும் கணினியில் ஒரே தேன்நிறப் பூச்சுக்குள் அடங்கிவிடுகின்றன. முகத்தை வெளுப்பாக்கும் பழைய பாவம் பென்சிலை விட்டு மென்பொருளில் தொடர்கிறது. கடன் வாங்கிக் காமிரா வாங்கிய இளைஞர் அடுத்தவரை முந்துவதற்காகக் கூலியைக் குறைக்க, அவரோடு வரும் உதவியாளருக்கோ நாள் முழுவதும் நின்றும் நிச்சயமான சம்பளம் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலான குறை, முடிவில் ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் கொடுத்துவிட்டுப் பொறுப்பு தீர்ந்ததாகப் புகைப்படக்காரரும் குடும்பத்தாரும் எண்ணிக்கொள்வது. அந்தப் பெட்டி பழுதானால் அந்தத் திருமணத்துக்குச் சாட்சியாகப் பெரும்பாலும் ஆல்பம் ஒன்றே எஞ்சும். ஆல்பம் போடாதவர்களுக்கு அதுவும் இல்லை.

சட்டத்தின் நிலையும் இங்கே கவனிக்கத் தக்கது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இதை அறியாமல் மணமக்களின் படங்களைக் கேளாமலே விளம்பரத்துக்குப் பயன்படுத்துபவரும், எடுத்தவர் காலமெல்லாம் இலவசமாகப் பாதுகாப்பார் என்று நம்பும் குடும்பத்தாரும் ஒரே தவற்றின் இரு பக்கத்தில் நிற்கிறார்கள். எத்தனை படங்கள் தருவது, எவற்றை வெளியிடலாம், இரண்டு வெவ்வேறு இடங்களில் எத்தனை ஆண்டுகள் பிரதிகள் வைத்திருப்பது, அதற்கு ஆண்டுக்கு என்ன கட்டணம் என்பவற்றை முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். காப்பதற்குத் தனியே ஊதியம் கேட்கப் புகைப்படக்காரர் கூச்சப்படத் தேவையில்லை. முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டூடியோவின் வாடகையைக் கட்ட அவருக்கு அந்த வருமானம் இருக்கும்.